சாவு விழாத மொட்டை

எங்கள் ஊரில் ஒருத்தி தலையை மழித்துக்கொண்டு தெருவில் வந்தால், எதிரில் வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி, “யாரு போனாங்க?” என்பதுதான். அம்மா போனால், அப்பா போனால், புருஷன் போனால்தான் எங்களுக்குத் தலையில் கத்தி படும். ஆனால் வருஷா வருஷம் பள்ளி திறக்கிற நாளில் குன்றுப் பள்ளி வாசலில் இருநூறு பெண்பிள்ளைகள் தலையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள். அவர்களிடம் மட்டும் யார் செத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. மழிப்பதில்லை, ஒட்ட வெட்டுகிறோம், அவ்வளவுதான் என்று பள்ளிக்காரர்கள் சொல்வார்கள். மெஷினை மண்டையோடு வைத்து இழுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? நான் மொட்டை என்றுதான் சொல்வேன்.

அந்த மெஷினைப் பிடித்த கை என் சிநேகிதி மென்சிமாவுடையது. பதினோரு வருஷம் பிடித்தாள். பள்ளியின் நிஜப் பெயர் வேண்டாம். எங்கள் கானாவில், இந்தக் கேப் கோஸ்டில் குன்றுக்கும் பஞ்சமில்லை, பள்ளிக்கும் பஞ்சமில்லை. எது என்று தேடிக்கொண்டு வராதீர்கள்.

நான் எஜிர்பா, தையல்காரி. கொட்டோகுராபா சந்தைக்குப் பின்னால் இரண்டு பழைய கப்பல் கண்டெய்னர்கள் ஒட்டி நிற்கும். நீலம் அவளுடையது: ‘கடவுளின் நேரமே நல்ல நேரம் அழகு நிலையம்’. பச்சை என்னுடையது: ‘பொறாமைப்படாதே தையலகம்’. இருபது வருஷம் ஒரே மின்சாரக் கம்பியில் இரண்டு பேரும் பிழைத்தோம். அவள் ஹேர் டிரையரைப் போட்டால் என் இஸ்திரிப் பெட்டி செத்துவிடும். அதற்காகச் சண்டை போடாத நாள் இல்லை. மத்தியானம் ஒரே இலையைப் பிரித்து ஒரே கென்கேயை, அதுதான் புளித்த சோளமாவு உருண்டையை, பிட்டு, ஒரே மீனைப் பங்குபோட்டுத் தின்னாத நாளும் இல்லை.

மென்சிமாவின் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கென்கே அவித்து விற்றவள். ஆறு பிள்ளைகளில் இவளுக்குத்தான் படிப்பு ஏறியது. குன்றுப் பள்ளியில் இடம் கிடைத்தபோது கடற்கரைத் தெருவே அவளுடைய விடுதிப் பெட்டியைச் சுமந்துகொண்டு போனதாம். இரண்டாம் வருஷம் அந்தப் பாழாய்ப்போன எண்பத்து மூன்று வந்தது. மழை இல்லை, காடு எரிந்தது, நைஜீரியா நம் ஆட்களை மூட்டை முடிச்சோடு விரட்டியது, சந்தையில் மரவள்ளிக்குக்கூட வரிசை. பிள்ளைகளுக்குப் போடச் சோறில்லை என்று பள்ளியை மூடிவிட்டார்கள். அந்தப் பஞ்சத்தில்தான் அவள் அம்மா காய்ச்சலில் போனாள்.

முறைப்படி பிள்ளைகள் ஆறு பேரும் தலை மழித்தார்கள். நாற்பதாம் நாள் ஆனது. குடும்பத்துப் பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “வருஷ திதி முடியற வரைக்கும் யாரும் தலையில கத்தி வைக்கக் கூடாது. ஒரு சாவுக்கு ஒரு தடவைதான். மறுபடி மழிச்சா அடுத்த சாவை நீங்களே கூப்பிடற மாதிரி. உங்கப்பன் இன்னும் கடலுக்குப் போயிட்டு வந்துட்டிருக்கான், ஞாபகம் வச்சுக்குங்க.”

பள்ளி மறுபடி திறந்தபோது மென்சிமாவின் தலையில் அரை அங்குலத்துக்கு முடி வளர்ந்திருந்தது. அப்போதிருந்த தலைமையாசிரியை அடிக்கோலை எடுத்துத் தலையில் நிறுத்தி அளந்தாள். அளந்துவிட்டு, வெட்டிக்கொண்டு வா என்று அனுப்பினாள். வீட்டில் பெரியம்மா வெட்டக் கூடாது என்றாள். மூன்று வாரம் மேலேயும் கீழேயும் நடந்தாள். நான்காம் வாரம் விடுதியில் அவள் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். படிப்பு அதோடு சரி. அம்மாவுக்காகத் துக்கம் காத்த பதினைந்து வயதுப் பெண்ணை அரை அங்குலத்துக்காக வெளியே தள்ளின பள்ளி அது. அந்த அடிக்கோலைப் பிடித்த கை வெள்ளைக்காரி கையாக இருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரியாது. எங்கள் தெருவிலிருந்து மேலே போன கை அது.

இந்தச் சட்டம் எங்கே பிறந்தது என்று யாருக்குத் தெரியாது? பாதிரிமாரும் அவர்கள் பெண்டாட்டிமாரும் பள்ளி வைக்க வந்தபோது எங்கள் பிள்ளைகளின் தலையைப் பார்த்துப் புதர் என்றார்கள், பேன் என்றார்கள், வெட்டு என்றார்கள். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கோட்டையில் கொடி இறங்கி இத்தனை வருஷம் ஆயிற்று. மெஷின் மட்டும் இன்னும் ஓடுகிறது. கேட்டால் ஒழுக்கம் என்பார்கள், சுத்தம் என்பார்கள், பெண்பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் சிதறும் என்பார்கள். இந்தச் சமாதானங்களை எல்லாம் நாங்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

மென்சிமா தக்கோராடியில் ஒரு முடியலங்காரக்காரியிடம் நான்கு வருஷம் வேலை பழகினாள். முதலில் இரும்புச் சீப்பு. கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி முடியில் இழுத்தால் நேராகும். கொஞ்சம் தப்பினால் காது வெந்துவிடும். பிறகு டப்பாவில் க்ரீம் வந்தது. அதைத் தலையில் பூசி, எரிகிறது எரிகிறது என்று அலறும்வரை விட்டுக் கழுவினால் முடி படுத்துக்கொள்ளும். இருபது வருஷம் இந்த ஊர்ப் பெண்களின் மண்டையை அவள் அந்த க்ரீமால் வேகவைத்தாள். பாங்கில் வேலைக்குப் போகிறவளுக்கு முடி படுத்திருக்க வேண்டும், டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்குப் படுத்திருக்க வேண்டும், கல்யாணப் பெண்ணுக்குப் படுத்திருக்க வேண்டும். பள்ளியில் இருக்கும்வரை வெட்டு, பள்ளியை விட்டு வந்தால் பொசுக்கு. கடவுள் எப்படிக் கொடுத்தானோ அப்படியே இருக்க ஒரு வயது கிடையாது எங்கள் தலைக்கு.

அந்த க்ரீம் அவள் விரல்களையும் தின்றது. வாக்காளர் பட்டியலுக்கு மெஷினில் விரல் பதிக்கப் போனாள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் ரேகை விழவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவன், “அம்மா, உங்களுக்குக் கையே இல்லைங்குது மெஷின்” என்று சிரித்தான். இவளும் சிரித்துவிட்டு வந்தாள். கண்டெய்னருக்குள் வந்த பிறகு ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிழாக் காலத்தில் அவளுக்கு இன்னொரு வேலை. எங்கள் ஃபான்டே பெண்கள் பழைய காலத்தில் தங்கள் சொந்த முடியையே கிரீடம்போல உயர்த்திக் கட்டித் தங்கம் செருகுவார்கள். இப்போது அப்படிக் கட்ட யார் தலையிலும் முடி இல்லை. அதனால் அந்தக் கிரீடத்தைத் தொப்பியாகச் செய்து விற்கிறார்கள். எங்கள் முடியைப் பொசுக்கிவிட்டு, எங்கள் முடியைப்போலவே செய்த தொப்பியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு, எங்கள் பண்பாட்டைக் கொண்டாடுகிறோம். மாட்டிவிடுகிறவள் மென்சிமா.

அப்படி ஒரு திருவிழாவுக்குத் தொப்பி மாட்டிக்கொள்ள வந்தவள்தான் குன்றுப் பள்ளியின் இப்போதைய தலைமையாசிரியை மிஸஸ் ஸ்டோன்சன். அவள் புருஷனின் கொள்ளுத்தாத்தாவுக்குக் கல் என்று பொருள்படும் பெயர். ஞானஸ்நானம் கொடுத்தவர் தன் வாய்க்கு வசதியாக ஸ்டோன்சன் ஆக்கிவிட்டார், குடும்பம் அதைப் பதக்கம்போல மாட்டிக்கொண்டு திரிகிறது. மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. அவள்தான் மென்சிமாவைக் கேட்டாள், சேர்க்கை நாளில் வாசலில் வந்து உட்கார்ந்து முடி வெட்ட முடியுமா என்று.

“உன்னை விரட்டின வாசல்டி அது,” என்றேன் நான். “அங்கேயே போய்க் கத்திரி பிடிக்கப் போறியா? உனக்கு ரோஷமே கிடையாதா?”

“ரோஷம் சோறு போடுமா?” என்றாள். “எவுரேசிக்கு இப்ப நாலு வயசு. பத்து வருஷத்துல அவ அந்த வாசல்ல பெட்டியோட நிப்பா. அப்போ மேடத்துக்கு என் முகம் தெரிஞ்சிருக்கணும். என்னை விரட்டினாப்பல அவளை யாரும் விரட்டக் கூடாது.”

எவுரேசி அவள் ஒரே மகள். பிள்ளையின் அப்பன் லிபியா வழியாக இத்தாலிக்குப் போகிறேன் என்று லாரி ஏறினவன். ஏறினான், அவ்வளவுதான். மகள் குன்றுப் பள்ளியில் படித்து முடிக்க வேண்டும். மென்சிமாவுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது. பதினோரு வருஷம் அந்த வாசலில் அவள் மெஷினைப் பிடித்தது அதற்காக மட்டும்தான்.

வாசலில் ஒரு விதிவிலக்கு உண்டு. கடைக்கார லெபனான்காரர்களின் பெண்கள், ஒபுரோனி அப்பனுக்குப் பிறந்த பெண்கள் – அதுதான், வெள்ளைக்காரன் பிள்ளைகள் – இவர்களுக்கு வெட்ட வேண்டியதில்லை. முடியைப் பின்னுக்கு இழுத்து ரிப்பன் கட்டினால் போதும். “அது படியற முடி, அது ஒழுங்கா இருக்கும்” என்பாள் மிஸஸ் ஸ்டோன்சன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதுதான். மென்சிமா இதைப் பதினோரு வருஷம் பார்த்தாள். நானும் பார்த்தேன், ஏனென்றால் அந்தப் பள்ளிக்குச் சீருடை தைப்பவள் நான். சேர்க்கை நாளன்று மூட்டையோடு நானும் அங்கேதான் இருப்பேன். ஒரு நாள்கூட நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

எவுரேசி அம்மாவை ஏமாற்றவில்லை. பரீட்சையில் எல்லாவற்றிலும் முதல் தரம். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று ஒதுக்குகிற அரசாங்கக் கம்ப்யூட்டர் அவளுக்குக் குன்றுப் பள்ளியைக் கொடுத்தது. அன்றைக்கு மென்சிமா கடை முன்னால் ஆடின ஆட்டத்தில் என் தையல் மெஷின் கீழே விழப் பார்த்தது.

அந்தப் பெண்ணுக்கு என்ன முடி தெரியுமா? மென்சிமா தன் மகள் தலையில் ஒரு நாளும் க்ரீம் வைத்ததில்லை. ஊரார் மண்டையை எல்லாம் பொசுக்கினவள் மகளுக்கு மட்டும் ஷியா வெண்ணெய் தடவி, கருப்பு நூல் சுற்றி, கோடு கோடாகப் பின்னிவிடுவாள். அவிழ்த்துவிட்டால் ஒரு கூடை அளவு நிற்கும். சேர்க்கை நாளன்று காலையில் கண்டெய்னர் வாசலில் மகளை உட்காரவைத்து, தன் கையாலேயே அதை வெட்டினாள். நான் எதிரில் நின்று சீருடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எவுரேசி எழுந்தபோது தலையைத் தடவிக்கொண்டு, “ஈனோ, நீ உயிரோடதானே இருக்கே?” என்று கேட்டாள். ஈனோ என்றால் எங்கள் பாஷையில் அம்மா.

“சும்மா இரு. பெட்டியைத் தூக்கு,” என்றாள் மென்சிமா.

குன்றின் மேல் அன்று திருவிழாக் கூட்டம். மெத்தைகள், வாளிகள், பூட்டுப் போட்ட பலகைப் பெட்டிகளில் காரி என்கிற வறுத்த மரவள்ளி மாவும் மிளகாய்ப் பொரியலும் பால்பவுடரும். வேப்பமரத்தடியில் மென்சிமாவின் பிளாஸ்டிக் நாற்காலி, காவலாளி அறையிலிருந்து இழுத்த கம்பியில் மெஷின். அதற்கு நாலடி தள்ளிப் பந்தலுக்குள் மிஸஸ் ஸ்டோன்சனின் மேசை. மேசைமேல் சேர்க்கைப் பாரங்கள். மேடம் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளை உள்ளே போகலாம். இரண்டுக்கும் நடுவில் நான், சீருடை மூட்டையோடு. எவுரேசியின் பாரமும் மேசைமேல் கிடந்தது. நம்ம ஆள்தானே, கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று மேடம் ஒதுக்கி வைத்திருந்தாள். எவுரேசி தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் முன்னாலேயே ஒரு லெபனான்காரக் குட்டி இடுப்புவரை முடியோடு உள்ளே போனாள்.

பத்து மணி வாக்கில் வரிசையில் ஒரு பெண் வந்தாள். நல்ல கறுப்பு. தலையில் எவுரேசிக்கு இருந்ததைவிடப் பெரிய கூடை. துணைக்கு யாரும் இல்லை.

மேடம் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். “ஐயையோ, இது என்ன காடு! மென்சிமா, முதல்ல இதை இறக்கு.”

அந்தப் பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மென்சிமா துண்டைப் போர்த்திக்கொண்டே கேட்டாள், “உன் பேர் என்னம்மா?”

“அன்னேகா.”

“கூட யாரு வந்திருக்கா?”

“அப்பா. காரை நிறுத்த இடமில்லைன்னு கீழே போயிருக்கார்.”

நம் ஊர்ப் பெயராக இல்லையே என்று மென்சிமாவுக்கு என்ன தோன்றியதோ, மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். “மேடம், இவங்கப்பா வந்துடட்டுமா?”

“ஒவ்வொருத்தி அப்பனுக்கும் காத்துக்கிட்டிருந்தா விடிஞ்சிடும். வெட்டுன்னா வெட்டு.”

இதை நான் கேட்டேன். நாலடி தூரம். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

மென்சிமா வெட்டினாள். பாதியிலேயே அந்தப் பெண் விசும்ப ஆரம்பித்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் அழத்தான் அழும், யாரும் கண்டுகொள்வதில்லை. கடைசிக் கற்றை விழுந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். ஹாலந்துக்காரர், தக்கோராடித் துறைமுகத்தில் பொறியாளர். வெயிலில் சிவந்த மூக்கு, கையில் கார் சாவி. மகளின் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அம்மாவைக் கொண்டு பிறந்த பிள்ளை. அப்பனின் சுவடு மேலே எங்கேயும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மெஷின் தொட்டிருக்காது.

மிஸஸ் ஸ்டோன்சன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். “சார்! ஐயோ சார், மன்னிக்கணும். உங்க பொண்ணுன்னு தெரியாது சார்.”

உங்கள் பெண் என்று தெரியாது. ஒழுக்கம், சுத்தம், படிப்பில் கவனம் எல்லாம் எங்கே போயிற்று? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் காடு. அப்பன் வந்ததும் அதே காடு, அதே தரையில் கிடந்து, பொன்னாகிவிட்டது. எனக்கு அங்கேயே அந்த மேசையைப் புரட்டிப் போடலாம் என்று வந்தது. வந்து என்ன?

“இந்தப் பொம்பளை என்னைக் கேக்காம வெட்டிட்டா சார்,” என்றாள் மேடம்.

மென்சிமாவின் கையில் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “நானா? நீங்கதானே மேடம் சொன்னீங்க? அப்பா வரட்டுமான்னுகூடக் கேட்டேனே. எஜிர்பா இங்கதான் நின்னா. அவளையே கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மேடம் சிரித்த முகமாகத்தான் கேட்டாள், எங்கள் ஃபான்டே பாஷையில். “எஜிர்பா, நீ இத்தனை வருஷமா நம்ம பள்ளிக்குத் தைக்கற. பொய் சொல்லமாட்டே. வெட்டுன்னு நான் சொன்னதை நீ கேட்டியா?”

“நான்... துணி அடுக்கிட்டிருந்தேன் மேடம்,” என்றேன். “கவனிக்கலை.”

என் வாயில் கென்கேயா அடைத்திருந்தது? இல்லை. நானூறு சீருடை அடைத்திருந்தது. மென்சிமா என்னைப் பார்த்தாள். மெஷினை அணைத்துக் கீழே வைத்தாள்.

மேடம் தைரியமானாள். “பாத்தியா? வா, வந்து சார்கிட்ட மன்னிப்புக் கேளு. முழங்கால் போட்டுக் கேளு. உன் பொண்ணு பாரம் இங்கதான் இருக்கு, இன்னும் கையெழுத்து விழலை. ஞாபகம் இருக்கட்டும்.”

வரிசையில் நின்ற ஒருவர், “கேட்டுத் தொலைங்கம்மா, நாங்க குமாசி திரும்பணும்” என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. எல்லாரும் எங்கள் ஆட்கள்தான். எல்லார் பிள்ளைகளின் முடியும் அந்தத் தரையில்தான் கிடந்தது.

எங்களில் மன்னிப்புக் கேட்பவர்கள் வலக்கையின் புறங்கையை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிவார்கள். மென்சிமா அப்படிக் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். ஹாலந்துக்காரர் பக்கத்தில் வந்தாள். தாண்டிப் போனாள். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், மொட்டைத் தலையோடு பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் போய் முழங்கால் போட்டாள்.

“பிள்ளைங்களா, நான் உங்க தலையை வெட்டினேன். உங்க வீட்டுல யாரும் சாகலை. இருந்தும் வெட்டினேன். பதினோரு வருஷமா வெட்டறேன், ஒருத்திகிட்டகூட மன்னிப்புக் கேட்டதில்லை. இன்னைக்குக் கேக்கச் சொல்லிட்டாங்க. கேக்கறேன்.”

ஒரு பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள். இன்னொருத்தி தன் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். மென்சிமா எவுரேசியின் பெட்டிவரை முழங்காலாலேயே நகர்ந்தாள்.

“உன்கிட்டயும்தான். நான் உயிரோட இருக்கும்போதே உன்னை மொட்டையடிச்சேன்டி. என் கையாலயே. மன்னிச்சுடு.”

“எழுந்திரு ஈனோ,” என்றாள் எவுரேசி. “எல்லாரும் பாக்கறாங்க.” சொல்லிவிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஹாலந்துக்காரருக்கு என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்தது. மனுஷன் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கையை விரித்து, “விடுங்க மேடம், பரவாயில்லை. முடிதானே! வளர்ந்துடும்” என்றார்.

மென்சிமா எழுந்து திரும்பினாள். “அப்படிச் சொல்லுங்க சார்! முடிதானே! மேடம், கேட்டீங்களா? உங்க சார் சொல்றார். முடிதானாம். அப்புறம் எதுக்கு எங்க பிள்ளைங்களை மட்டும் வெட்டறீங்க? வளரட்டுமே! என்னை எதுக்கு இந்தப் பள்ளி வெளியே தள்ளுச்சு? அரை அங்குலம்! எங்கம்மா செத்து மொட்டையடிச்ச தலை அது! உங்களுக்கு அது புதர், அந்தச் சார் பொண்ணுக்கு மட்டும் முடியா?”

மேடம் எவுரேசியின் பாரத்தை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி, மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அதன்மேல் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வைத்தாள்.

மென்சிமாவின் முகம் செத்துவிட்டது. முதல் தரம் வாங்கின பிள்ளை. பதினோரு வருஷம் வாசல் காத்த அம்மா. எல்லாம் அந்தப் பாட்டிலுக்கு அடியில். நான் அப்போதாவது பேசியிருக்கலாம். நான் கேட்டேன் மேடம், நீங்கதான் வெட்டச் சொன்னீங்க என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வரவில்லை.

பேசினது ஹாலந்துக்காரர். “அது என்ன காகிதம்?”

“அவ பொண்ணோட சேர்க்கைப் பாரம் சார்.”

“அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சு? கையெழுத்துப் போட்டுடுங்க, ப்ளீஸ்.”

“கண்டிப்பா சார்,” என்றாள் மிஸஸ் ஸ்டோன்சன். பாட்டில் நகர்ந்தது, பாரம் திரும்பியது, பேனா ஓடியது. இவ்வளவுதான் வேலை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த வருஷம் வாசலில் ஓர் ஆண் நாவிதரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அன்னேகாவை முடி வளர்க்கவிட்டார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ரிப்பன் கட்டும் அளவுக்கு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மெஷின். எவுரேசி மூன்று வருஷமும் மொட்டைத் தலையோடு படித்து, வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். இப்போது குமாசியில் மருத்துவம் படிக்கிறாள். அவள் முடியைப் போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கதவில் தலையைச் சாய்த்துத்தான் நுழைகிறாளாம்.

அன்றைக்குக் குன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இறங்கினோம், இறங்குவதற்கு வேறு வழி கிடையாது. மென்சிமா மெஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். என் கையில் சீருடை கொடுத்ததற்கான ரசீதும், அடுத்த தவணைக்கான அளவுச் சீட்டும் இருந்தன. நான்தான் முதலில் பேசினேன். வெட்கம்கெட்டவள் பேசுவாள்தானே?

“எப்படியோ, பொண்ணு உள்ளே போயிட்டா. அதுதானே நமக்கு வேணும்.”

அவள் நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“போயிட்டா. ஒபுரோனி சொல்லிப் போயிட்டா. அவ மார்க்கைப் பாத்து விடலை, நான் அங்கே தேஞ்சதைப் பாத்து விடலை. அவன் வாயைத் திறந்தான், கதவு திறந்துச்சு. என் பொண்ணு அதைப் பெட்டி மேல உக்காந்து பாத்துட்டா, எஜிர்பா. இனி அவ அதை மறக்கவே மாட்டா. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவளை உள்ளே விட்டிருக்க மாட்டாங்கதான். ஆனா நம்ம ஆள் ஒருத்தி நமக்காகப் பேசினதையாவது அவ பாத்திருப்பா.”

நான் கண்டெய்னருக்கு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அளவுச் சீட்டைப் பிரித்து, முதல் சீருடைக்குத் துணி வெட்டினேன்.